பதிவு அக்காவின் இரண்டாவது தட்டு

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் பதிவு அக்கா என்றுதான் அழைப்பார்கள். அவரைவிட வயதில் மூத்த டாக்டருக்கும் அவர் அக்காதான். பெயர், வயது, எந்தக் கண் என்று மூன்றே கேள்வி. பதில் வந்து முடிவதற்குள் அக்கா தட்டி முடித்திருப்பார். அப்படி ஒரு கை.

கைக்கு ஈடு கொடுக்காதது கம்ப்யூட்டர்தான். காலையில் அதை உசுப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, முதல் பத்துப் பேரிடம் நலம் விசாரித்து முடித்த பிறகுதான் அதற்குத் தூக்கம் கலையும். பெயரைப் பதிந்து என்டரைத் தட்டினால் காதில் போட்டுக்கொள்ளாது. இன்னொரு தட்டு தட்டினால்தான் போனால் போகிறது என்று ஏற்றுக்கொள்ளும். “ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்துங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று மூன்று வருடமாக மேனேஜரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டுக்கொண்டிருந்தார் அக்கா. மேனேஜருக்கோ வாசலில் ஒரு தொடுதிரையை வைத்து, வருகிறவர்களே பதிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட ஆசை. அது வந்தால் கவுண்டர் எதற்கு, அக்கா எதற்கு?

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர்காரர் வந்து புதிய சிஸ்டத்தைப் போட்டுவிட்டுப் போனார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சொந்தக் கடையை மூடிய பிறகு, மாதாமாதம் நிலையாகக் கூப்பிடுவது இந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையிலேயே வம்பு ஆரம்பித்தது. டாக்டர் அறையின் பட்டியலில் எல்லார் பெயரும் இரண்டிரண்டு தடவை. நர்ஸ் கூப்பிட்டால், இப்போதுதான் வெளியே வந்தவர் “இன்னும் என்னம்மா பாக்கணும்?” என்று திரும்பி உள்ளே போகிறார். கண்ணில் சொட்டு மருந்து விட்ட ஒரு பெரியவருக்கு மறுபடியும் விடப் போய்விட்டார்கள். நல்லவேளை, அவரே கையைப் பிடித்துத் தடுத்தார். பன்னிரண்டு மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. “புதுசு போட்டா வேகமாகும்னாங்க, இது நொண்டியடிக்குதே!” என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அக்காவும் பேசினார். யாரையும்விடச் சத்தமாகவே பேசினார்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர்காரரை வரவழைத்து நிற்க வைத்தார் மேனேஜர். அவர் உட்கார்ந்து மூன்று பெயர்களைப் பதிந்தார். மூன்றும் பட்டியலில் ஒரே ஒரு தடவைதான் விழுந்தன. “நீங்க போடுங்கக்கா” என்று எழுந்து இடம் கொடுத்தார். அக்கா போட்டார். இரண்டு தடவை விழுந்தது.

கம்ப்யூட்டர்காரர் திரையைப் பார்க்கவில்லை, அக்காவின் வலது கையைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து அக்காவும் தன் விரலைப் பார்த்தார். அது தட்டிய இடத்திலேயே இன்னொரு தட்டும் தட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அதை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டார்.

“சிஸ்டத்துலதான் ஏதோ கோளாறு சார்” என்றார் கம்ப்யூட்டர்காரர், மேனேஜரிடம். பொய். அக்காவுக்காகச் சொன்ன பொய்.

“அப்படின்னா பழையதையே போட்டுட்டுக் கிளம்புங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

அவர் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவின் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. வாயைத் திறந்தால், கைதான் தப்பு செய்கிறது என்று தெரிந்தால், மேனேஜருக்குத் தொடுதிரை வைக்க வேறு காரணமே வேண்டாம். ஆனால் பழையதைத் திரும்பப் போட அந்த மனிதர் ஒயரை ஒவ்வொன்றாக மாட்டியதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“அதைத் தொடாதீங்கண்ணே. சார், சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு தடவை தட்டுறது நான். பழசுக்கு முதல் தட்டு கேக்காது. அப்படியே கை பழகிப்போச்சு.”

மேனேஜர் அக்காவின் கையைப் பார்த்தார். “ஒரு ஆளு விரலை நம்பி ஒரு ஆஸ்பத்திரி நடக்க முடியாதும்மா. இன்னிக்கு ஒருநாள் பாக்கறேன். ஒரு பேரு ரெண்டு தடவை வந்தாலும் தொடுதிரைதான்.”

கவுண்டரைத் திறந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். முதல் ஆளின் பெயரைப் பதிந்து ஒரு தட்டு. விரல் தானாக மறுபடி எழும்பியது, அதை இடது கையால் கப்பென்று பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு பெண், “விரல்ல அடியா அக்கா?” என்றாள். “ஆமாம்மா, பழைய அடி” என்றார் அக்கா. இருபதாவது ஆளுக்குப் பிறகு பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டர்காரர் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

பழைய நாளில் மதியம் இரண்டைத் தொடும் கூட்டம் பதினொன்றரைக்கே தீர்ந்தது. நர்ஸ் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினாள். மேனேஜர் விரல் வைத்துக் கீழே வரை பார்த்தார். ஒரு பெயரும் இரட்டிக்கவில்லை.

“மூணு வருஷமா என் உயிரை எடுத்தீங்களே. இப்ப நீங்களே சொல்லுங்க, புதுசு வேகமா, மெதுவா?”

“வேகம்தான் சார்” என்றார் அக்கா. அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஒரு தடவை சொன்னா கேட்டுக்கும்னு எனக்குத்தான் நம்பிக்கை வரலை.”