குறுக்கே நின்ற லாண்ட்மாஸ்டர்

பச்சை வெங்காயத் தாளின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு அண்ணை செத்த நாள்தான் வருகிறது. அதற்கு நான் பழகிவிட்டேன். வயது போகப் போக எதற்கும் பழகத்தான் வேண்டியிருக்கிறது.

நான் அப்போது வவுனியாவில் வேலை. காலையில் செய்தி வந்ததும் கையில் அகப்பட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு காணித் துண்டுக்காக அண்ணையோடு ஆறு வருடம் கதைக்காமல் இருந்தவள் நான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதற்குத்தான் ஓடினேன். பின்னேரம் மூன்று மணிக்குப் பிரேதம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும், சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் முகம் பார்க்கத் தவறினால் தவறியதுதான்.

யாழ்ப்பாணத்தில் மாறி ஏறிய பஸ் புத்தூரில் வந்து நின்றுவிட்டது. சாரதி கீழே இறங்கிப் படுத்து எதையோ பார்த்தார், எழும்பினார், தலையை ஆட்டினார். அடுத்த பஸ் எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெயிலில் ஓட்டோவும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் நடுத் தெருவில் நின்று அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

அப்போதுதான் பின்னால் பெட்டி பூட்டி வெங்காயம் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். தலையில் துவாய், காலில் தோட்டத்துச் செம்மண்.

"எங்கை போகோணும் தங்கச்சி?"

"செத்தவீட்டுக்கு. என்ரை அண்ணை. மூண்டு மணிக்கு எடுக்கினம்."

அவர் வெயிலைப் பார்த்தார். "ஏறுங்கோ" என்றார்.

பெட்டிக்குள் வெங்காயப் பிடிகளின் மேல் குந்தியிருந்தேன். அந்த மெஷின் உருண்ட வேகத்துக்குச் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது பறைச் சத்தம் கேட்டது. அவர் மெஷினை நிறுத்திக் காதைக் கொடுத்தார்.

"மேளம் நகருது தங்கச்சி. எடுத்திட்டினம்."

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. "விடுங்கோ அண்ணை, நான் இறங்கிறன்" என்றேன். ஆறு வருடம் வாயில் வராத அந்தச் சொல் ஒரு வழிப்போக்கரிடம் எப்படி வந்ததோ தெரியவில்லை.

"இருங்கோ. சுடலைக்கு இந்த ஒழுங்கையாலைதானே வருவினம்?"

தோட்டப் பாதையால் குறுக்கே விட்டார். அந்தக் குறுகிய ஒழுங்கை திரும்பும் இடத்தில் என்னை இறக்கி, "அந்த மதிலோடை நில்லுங்கோ. என்னோடை வந்ததெண்டு காட்டிக்கொள்ள வேண்டாம், சனம் வேறை கதை கதைக்கும்" என்றார். பிறகு லாண்ட்மாஸ்டரை ஒழுங்கைக்குக் குறுக்காக விட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் குனிந்து எதையோ திருத்துகிறவர் போல நின்றார்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் வந்தவன் அண்ணையின் மகன். பின்னால் பிரேத வண்டி. விலத்திப் போக இடமில்லை. ஈர வேட்டியோடு அந்தப் பிள்ளை வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரை ஏசினான். அவர், "ஓம் தம்பி, என்ரை பிழைதான், மெஷின் இழுக்குதில்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அதற்குள் யாரோ ஒரு கிழவர் மதிலோரம் என்னைக் கண்டுவிட்டு, "தங்கச்சி வந்திட்டா, மூடியைத் திறவுங்கோ" என்றார். திறந்தார்கள். பார்த்தேன். அண்ணையின் முகம் மெலிந்து, சவரம் செய்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெடியன் மாதிரி இருந்தது.

மூடியதும் லாண்ட்மாஸ்டர்காரர் மெஷினைக் கிளப்பும் கம்பியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். மெஷின் உடனே வேலை செய்தது. அங்கும் சிலர் சிரித்தார்கள். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது, அவரும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பேர் கேட்காமல் விட்டேன். பிறகு புத்தூரில் இரண்டு தரம் விசாரித்தேன். வெங்காயமும் லாண்ட்மாஸ்டரும் இல்லாத வீடு அங்கே எது?

ஆனால் அன்றைக்கு அவர் பேச்சு வாங்கியபோது நான் மதிலோடு ஒட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். அவர் சொன்னபடிதான் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. திவசத்துக்குத் திவசம் அண்ணையின் மகன் அந்தக் கதையைச் சொல்லுவான். பிரேதத்தை மறித்த விசர் வெங்காயக்காரன் என்று எல்லோரும் சிரிப்பார்கள். நான் பந்தியில் பாயாசம் ஊற்றிக்கொண்டு கேட்டிருப்பேன்.

போன திவசத்தில் சனம் கலைந்த பிறகு அவனிடம் சொல்லிவிட்டேன். மெஷின் பழுதாகவில்லை, எனக்காகத்தான் மறித்தார் என்று.

"அப்ப ஏன் மாமி அண்டைக்கே சொல்லேல்லை?"

"களைச்சுப் போனன் தம்பி" என்றேன். அதில் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அவன் இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கை நின்றது. கதை சொல்லும்போது ஒரு நாளும் சொல்லாததை அப்போதுதான் சொன்னான்.

"நான் அந்த மனிசனை நாயே எண்டு கூப்பிட்டனான் மாமி."