அங்குலத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு

பூமிக்கு மேலே மைல் கணக்கில் காற்று நிற்கிறது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தக் காற்று மொத்தத்துக்கும் சொந்தக்காரி ஒருத்தி சேக்காட்டில் இருந்தாள். வங்காள விரிகுடாவில் மூட்டை கட்டிக் கிளம்புகிற மேகம் எதுவானாலும், ஆவடிக்கு மேலே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "யக்கா, கொஞ்சம் பெய்யட்டுமா?" என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் பெய்யும். அவள் தலையாட்டாத வருஷம்தான் பஞ்ச வருஷம். பெயர் ஜெயகுமாரி. வயது முப்பத்திரண்டு. ஏரிக்கரையில் மழைமானி பார்ப்பது உத்தியோகம்.

மழைமானி என்றதும் பெரிய யந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பி வேலிக்குள் ஒரு உருளை. அதன் வாயில் ஒரு புனல், வயிற்றில் ஒரு பாட்டில். விழுந்த மழை வெயிலில் ஆவியாகிப் போகாமல் பாட்டிலுக்குள் பதுங்கியிருக்கும். காலை எட்டரை மணிக்கு ஜெயகுமாரி அதைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றுவாள். குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிப் பார்ப்பாள். பிறகு நோட்டில் எழுதி, வேலியில் தொங்கும் கரும்பலகையிலும் சாக்கட்டியால் எழுதுவாள். மழையில்லாத நாளில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக்கூட ஏதோ கோலம் போடுகிற மாதிரி வட்டமாகப் போடுவாள்.

அவள் அப்பா ராயப்பன் பார்த்த வேலை அது. அவர் படுக்கையில் விழுந்தபோது பதினெட்டு வயசில் சைக்கிளை எடுத்தவள், ஒரு நாளும் எட்டரையைத் தவறவிட்டதில்லை. கல்யாணத்தன்று பட்டுப்புடவையில் வந்து பார்த்துவிட்டுத்தான் மாதா கோவிலுக்குப் போனாள். பாடிப் பக்கத்துப் பட்டறையில் லேத்து ஓட்டுகிற மாப்பிள்ளை அங்கே கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு நின்றானாம். அப்பா செத்த அன்றும் வந்தாள். அழுகை நிற்கவில்லை. கண்ணீர் புனலுக்குள் விழுந்துவிடக் கூடாதென்று நாலடி தள்ளி நின்று அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டே போய்ப் பார்த்துப் பூஜ்யம் போட்டாள்.

இப்படிப்பட்டவளைத்தான் தங்கவேல் பழிவாங்குவதென்று முடிவு செய்தான்.

தங்கவேலுக்குப் பதினாறு வயது. பத்தாவதில் கோட்டை விட்டவன். 'காற்று ஏன் வீசுகிறது?' என்ற கேள்விக்கு 'புழுக்கமாக இருப்பதால்' என்று எழுதி அரை மார்க் வாங்கியவன். வெள்ளானூர் பக்கம் தேவராஜின் செங்கல் சூளையில் அவன் அம்மா கெங்கம்மாள் கல் அறுத்தாள். களிமண்ணை மிதித்து, அச்சில் அடித்து, களத்தில் வரிசையாகக் காயவைப்பது. நெருப்பு காணாத பச்சைக்கல் அது. மழை விழுந்தால் ஒரு ராத்திரியில் மறுபடி மண்ணாகிவிடும்.

கரைந்த கல் யார் தலையில்? அதற்கு அந்தப் பக்கத்துச் சூளைகளில் ஒரு வழக்கம் இருந்தது. மழை ஒரு அங்குலத்தைத் தாண்டினால் நஷ்டம் முதலாளியுடையது. தாண்டாவிட்டால், மூடி வைக்காதது அறுத்தவர் குற்றம். கூலியில்லாமல் மறுபடி அறுத்துக் கொடுக்க வேண்டும். அங்குலம் உண்டா இல்லையா என்பதற்கு ஜெயகுமாரியின் கரும்பலகைதான் தீர்ப்பு.

எண்பத்தெட்டு ஏப்ரலில் திடீரென்று ஒரு மழை. கெங்கம்மாளின் இரண்டாயிரம் கல் கூழாகிவிட்டது. மறுநாள் பலகையில் இருபத்திநாலு மில்லிமீட்டர் என்றிருந்தது. அங்குலத்துக்கு இருபத்தைந்தரை வேண்டும்.

தங்கவேல் வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "யக்கா, ஒன்ற மில்லிமீட்டர்க்கா! எறும்புக்கு முட்டிகூட நனையாது. இருபத்தாறுன்னு போட்டா வானம் வந்து கேக்கவா போவுது?"

"வானம் கேக்காது. நான் கேப்பேன்."

"யாரை?"

"என்னியத்தான். தள்ளு, வெளிச்சத்த மறைக்காத."

நாலு நாள் அம்மா ஓசியில் மண் மிதித்தாள். ராத்திரி அவள் காலுக்குத் தங்கவேல்தான் எண்ணெய் தடவினான். பாதத்து வெடிப்பு ஒவ்வொன்றையும் தடவும்போது மனசுக்குள் ஒரே பெயரைத்தான் சொன்னான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் கையாலேயே பொய்யை எழுத வைக்க வேண்டும். ஊரே பலகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கப்புறம் அவள் எழுதுகிற எந்த எண்ணையும் நாய்கூட நம்பக் கூடாது.

வெயில் உச்சியில் இருக்கிற நாளுக்காக ஒன்றரை மாசம் காத்திருந்தான். ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை வாய்த்தது. வானத்தில் கைக்குட்டை அளவுகூட மேகமில்லை. மேற்கிலிருந்து அனல்காற்று. நாலு மணிக்கு ஏரிக்கரையில் ஆள் நடமாட்டமில்லை. தெருக்கோடி கைபம்பில் ஒரு கோலி சோடா பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து, நிஜார் பையில் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டினான். புனலில் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். பழி என்றாலும் சிந்தாமல் செய்ய வேண்டுமல்லவா?

நாளைக் காலை பலகையில் மழை, தரையிலோ புழுதி. "சேக்காட்டுல நேத்து மழையாமே, உங்கூட்டாண்ட பேஞ்சுதா?" என்று யார் யாரிடம் கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டே சூளைக்குத் திரும்பினான்.

ஐந்தரை மணிக்கு அனல்காற்று சட்டென்று நின்றது. கிழக்கிலிருந்து கடற்காற்று ஈரவாடையோடு வந்து முட்டியது. இரண்டு காற்றுக்கும் நடுவே மாட்டிய சூடான காற்று மேலே எழும்பி, ஆவடிக்கு நேர் மேலே வெள்ளையாகக் குவிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிப்பக்கம் கறுத்தது. அந்த அரை மார்க் கேள்விக்கு விடை தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. தங்கவேல் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினான். தார்ப்பாய் பாதிக் களத்துக்குத்தான் எட்டியது. மீதி மூவாயிரம் கல் மேல் இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்தது.

கெங்கம்மாள் முழங்கால் சேற்றில் நின்று மேலே பார்த்தாள். "டேய், இது அங்குலத்த தாண்டும்டா. தாண்டாமப் போவுமா?"

அப்போதுதான் தங்கவேலுக்குப் பொறி தட்டியது. ஏற்கெனவே அவன் ஊற்றியது வேறு உள்ளே கிடக்கிறது. தாண்டாமல் எங்கே போகும்? எந்தக் கை அம்மாவை மண் மிதிக்க வைத்ததோ, அதே கை நாளைக்கு அம்மா பக்கம் எழுதப் போகிறது, அதுவும் பொய்யை! பழிவாங்கப் போன இடத்தில் வானமே கூலியும் கொடுத்துவிட்டது. மழையில் நின்று சிரித்தான். பையனுக்குப் பயத்தில் ஏதோ ஆகிவிட்டதென்று அம்மா பயந்தாள்.

மறுநாள் எட்டரைக்கு வேலியைச் சுற்றிக் கூட்டம். தேவராஜ் புல்லட்டில் வந்து இறங்கினார். கல் அறுக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தங்கவேல் முன்வரிசையில் நின்றான்.

ஜெயகுமாரி குவளையில் ஊற்றிப் படித்தாள். இருபது. மறுபடி இருபது. மறுபடி மூன்று. நாற்பத்திமூன்று! கெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். தேவராஜ் முகம் சுண்டிப்போனது.

ஆனால் ஜெயகுமாரி பலகைப் பக்கம் போகவில்லை. குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். கூட்டத்தில் யாரோ, "இன்னா யக்கா, சக்கர பத்தலியா?" என்றார்கள்.

"இது அத்தினியும் மழ இல்ல" என்றாள். "மழைக்கு ஏது துரு? கரிக்குது வேற. கடல்லேருந்து ஆவியாப் போறப்ப உப்ப அங்கியே உட்டுட்டுத்தான் மேல போவும். இது நம்ம பம்புத் தண்ணி. எவனோ ஊத்திகீறான்."

தேவராஜுக்கு உயிர் வந்தது. "அப்ப இன்னிக்குக் கணக்கே இல்ல. கணக்கு இல்லேன்னா அங்குலமும் இல்ல. கல்லு உங்க பாடு. இன்னா கெங்கம்மா, நான் சொல்றது?"

கெங்கம்மாள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

நிஜமாகவே பெய்த மழை அது. அங்குலத்துக்கு மேலேயே பெய்த மழை. அதை இல்லாமல் அடித்தவன் தங்கவேல்தான்.

"இரு தேவராஜண்ணே" என்றாள் ஜெயகுமாரி. "ஆபீசு நோட்டுல 'கலப்படம்'னுதான் எழுதுவேன், அது வேற. சூளைக் கணக்குக்கு ஊத்துனதக் கழிச்சுக்கலாம். இவ்ளோ துரு கீதுன்னா இருபதுக்குக் கொறையாது. நாப்பத்திமூணுல இருபது போனா இருபத்திமூணு. அங்குலம் வரல. கெங்கம்மா, மனசுல வெச்சுக்காத, மறுபடி அறுத்துரு."

சாக்கட்டியை எடுத்தாள். இரண்டு போட்டாள். மூன்றுக்கு மேல்வளைவு வந்துவிட்டது.

"பொய் சொல்லாதக்கா!" தங்கவேலின் தொண்டை கிழிந்தது. "இருபது ஏது? ஒரே ஒரு சோடா பாட்டிலுதான் ஊத்துனேன்! சத்தியமா ஒரு பாட்டிலுதான்!"

கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

ஜெயகுமாரி திரும்பாமலே, பாதி எழுதிய மூன்றை உள்ளங்கையால் அழித்தாள். அப்புறம்தான் திரும்பினாள். அவள் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை. கெங்கம்மாள் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

"பாட்டிலு கீதா, தூக்கிப் போட்டுட்டியா?"

"கீது" என்றான், தரையைப் பார்த்தபடி.

"ஓடிப் போய் எடுத்துனு வா. அது எத்தினி புடிக்குதுன்னு இந்தக் குவளைலியே அளந்து கழிச்சுரலாம். உங்கம்மா கூலி தப்பிச்சிரும்." சாக்கட்டித் தூளைப் புடவையில் தட்டிக்கொண்டாள். "அப்பறம் அப்பிடியே ஓடிராத. உன் கணக்கு தனியா கீது."