ரெய்லீன் அடித்த மூன்றாவது அடி

கிளேட்டன் ஆய்வகத்தில் உலைகள் எல்லாம் ரெய்லீன் டாப்சன் பொறுப்பு. சிலிக்கன் கார்பைடு என்னும் பீங்கான் தகடுகளை இரண்டாயிரம் டிகிரியில் அவள் சுட்டுத் தருவாள். எவ்வளவு பாரத்தில் உடைகின்றன என்று நான் பார்ப்பேன்.

ரெய்லீன், அப்பன் அம்மாவை பெல்ட்டால் விளாசுவதைப் பார்த்து வளர்ந்தவள். பதினேழு வயதில் வீட்டைவிட்டு வந்ததிலிருந்து யார்மீதும் கை ஓங்கியதில்லை.

பெரிய உலையின் சுவருக்குள் எந்நேரமும் தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டம் குறைந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். எங்கள் ஊரில் பிப்ரவரிதான் கடுங்கோடை; அந்த வெயிலில் அடிக்கடி நின்றது. ஆய்வு முடிவைக் காட்ட வேண்டிய மாநாட்டுக்கு நான்கு நாளே இருந்ததால் ஆராய்ச்சியாளர் அலிஸ்டர் பிரிம் கடுகடுவென்று இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் உலையைக் கடந்து போகும்போது தண்ணீர்க் குழாய் வெடித்தது. கொதிநீராவி என் முகத்தின் இடது பக்கத்தை உரித்தது. ரெய்லீன் ஆவிக்குள் புகுந்து மெயின் சுவிட்சை அணைத்தாள். என் காலரைப் பற்றி இழுத்து, அவசர ஷவருக்கு அடியில் தள்ளினாள். அவள் முன்கைகளும் வெந்து கொப்புளித்திருந்தன.

பிறகு மின்பெட்டியைத் திறந்தாள். தண்ணீர் ஓடுவதாகப் பொய் காட்ட உள்ளே ஒரு துண்டு ஒயர் செருகியிருந்தது.

பிரிம் ஓடி வந்தார். "என் சாம்பிள் என்னாச்சு?"

"இந்த ஒயரை யார் போட்டது, அலிஸ்டர்?"

"சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நாளைக்குத்தானேன்னு போட்டேன். இதைப் பெருசு பண்ணாத."

"அவன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லு."

"அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குல்ல."

முதல் அடியில் அவர் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்து தரையில் சாய்ந்தார். ரெய்லீன் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி மூன்றாவதை இறக்கினாள். தாடை எலும்பு முறிந்த சத்தம் ஷவருக்கு அடியில் இருந்த எனக்கே கேட்டது. நான்காவதற்குக் கை உயர்ந்தது.

"போதும் ரெய்லீன், அவர் விழுந்து கிடக்கிறார்," என்றேன். கை அப்படியே நின்றது.

பிரிமுக்கு வேலை போனது. ரெய்லீனுக்கும்தான். நீதிமன்றம் அவளுக்கு இருநூறு மணி நேரம் சம்பளமில்லாத பொதுச்சேவையைத் தண்டனையாகக் கொடுத்தது. என் இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

இப்போது டான்டனாங்கில் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் சின்ன உலைகளைப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் அங்கே போயிருந்தேன்.

"உனக்காக அடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறியாமே," என்றாள்.

"அப்படித்தானே அடிச்ச?"

"மொத ரெண்டு அப்படி. மூணாவது அடிக்கையில உன் ஞாபகமே வரல. அடிக்கிறதே நல்லா இருந்துச்சுடா. அதை நெனச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."