கறுப்புக் கம்பி, வெள்ளைக் கம்பி

ஆசைப்பட்டு வாங்கிய டிரெய்லர் வீடு இல்லை அது. என் கணவருக்கு வேலை முடிந்ததும் தேயிலைத் தோட்டம் தந்திருந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர், தொழிலை மூட்டை கட்டியபோது, வெளிநாட்டில் செய்த பழைய டிரெய்லர் ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டார். ஃபேக்டரிக்குக் கீழே, பழைய ஸ்டோர் இருந்த மேட்டில் அதை நிறுத்திக்கொள்ளத் துரை அனுமதித்தார். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பேச்சே கேட்காது. பெய்யாத நாள் இங்கே எது?

குடிவந்த நாலாம் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் வயர்மேனாக இருந்தவர். மெஷின் நின்றால் துரையே அவரைத் தேடிக்கொண்டு நடந்து வருவார். அப்படிப்பட்ட மனுஷன் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கஞ்சி கொண்டுபோனால் கேட்காமலே வாயைத் திறப்பார். அந்தக் கீழ்ப்படிதல் எனக்கு அறவே பிடிக்கவில்லை. உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் விளக்குகள் மங்கின. தண்ணீர் மோட்டார் முனகியது. ஆனால் கரண்ட் கேத்தலில் தண்ணீர் கொதித்தது. இது என்ன கூத்து என்று நான் புலம்பியதும் அவர் தலை திரும்பியது.

மெயின் கரண்ட் இருக்கிறது, கன்வர்ட்டர்தான் போய்விட்டது என்றார். வெளியிலிருந்து வரும் கரண்டைக் குறைத்து விளக்குக்கும் மோட்டாருக்கும் கொடுத்து, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி அது. ஃபேக்டரியிலிருந்து யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? நீ கையக் குடு. நான் சொல்றேன்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த அதட்டல். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். விளக்கு எரியாவிட்டால் மெழுகுவத்தி இருக்கிறது. எனக்கு அந்த அதட்டல்தான் வேண்டியிருந்தது.

தானா ராத்தா டவுனில் ஒரு கடையில் சொல்லிப் புதுப் பெட்டியை வரவழைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர் சொன்னபடி மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியைக் கழற்றினேன். கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து, பழைய பெட்டியின் ஸ்குருக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். "மெதுவா லா, ஸ்குருவத் தின்னுடாத" என்று நாற்காலியிலிருந்து சத்தம் போட்டார். தேநீர் கேட்டார். சர்க்கரை போதாது என்றார்.

கடைசியாகப் பேட்டரிக் கம்பிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பை மைனஸில் போடச் சொன்னார். ஃபேக்டரியில் கறுப்பு என்றால் கரண்ட் திரும்பிப் போகிற கம்பி. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது, வெள்ளைக் கம்பிதான் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் முறுக்கப்பட்டிருந்தது. மைனஸ்தான் இரும்போடு சேரும் என்று அன்று காலையில் அவரே சொல்லியிருந்தார்.

கொழுந்து எடுத்த காலமெல்லாம், கங்காணி தப்பான தேயிலை நிரையில் இறக்கிவிட்டாலும் தெரிந்தே இறங்கிப் பழகியவள் நான். மேலே நிற்பவரிடம் தப்பு என்று சொல்ல எங்கள் வாய்க்கு வராது. அதைவிட, அவர் குரல் மறுபடி அடங்கிவிடுமோ என்ற பயம்.

கறுப்பை மைனஸில் போட்டேன். பேட்டரியை மாட்டியதும் பட்டென்று ஒரு பொறி. பெட்டியின் இரண்டு ஃபியூஸும் கருகின.

நீங்கள் சொன்னதைக் கைதவறி மாற்றிப் போட்டுவிட்டேன் என்றேன். "வேல தெரியாதவள வச்சிக்கிட்டு நான் படுற பாடு" என்று திட்டித் தீர்த்தார். அத்தனை திட்டும் எனக்குப் பாயசமாக இருந்தது. மறுநாள் பிரிஞ்சாங் டவுனில் கார் சாமான் கடையில் ஃபியூஸ் வாங்கிவந்து, அவருக்கு என் முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளையை மைனஸில் வைத்துக் கம்பிகளைச் சரியாகப் போட்டேன். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அன்று அவர் இடது கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. டார்ச் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து நீட்டினார். ஓய்வுபெற்ற அன்று திருப்பிக் கொடுக்க மறுத்து அவர் வைத்துக்கொண்ட டெஸ்டர் அது.

"இத ஃபேக்டரியில குடுத்துரு."

ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளதான் இரும்புல இருக்கு. நீ பாத்துட்ட. பாத்தும் சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ்வளவு பாவமா போயிட்டேனா ஒனக்கு?"

டெஸ்டரைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் உப்புப் போடாமலே கஞ்சி கொண்டுபோனேன். அவர் கேட்காமலே வாயைத் திறந்தார்.