பருத்தி வேண்டாம் என்றான் வழிகாட்டி

மீன் பிடிக்கப் போய் யாராவது சாவார்களா? அவர் கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். என் வீட்டுக்காரர் பெருமாநல்லூரில் பனியன் துணி நெய்யும் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர். லீவு கிடைத்தால் தூண்டிலோடு அமராவதி அணைக்குப் போய்விடுவார். நீச்சல் தெரியாது. கரையில் உட்கார்ந்துதானே பிடிக்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் நண்பர் ஒருவர் இமாச்சலத்துக்குக் கூப்பிட்டார். வழிகாட்டி வைத்து, பனி உருகி வரும் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று டிரௌட் மீன் பிடிப்பார்களாம்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்களா?" என்றேன்.

"ரப்பர் பேன்ட் குடுப்பாங்க புள்ள. ஒண்ணும் ஆகாது."

பிடிக்காவிட்டாலும் பை கட்டுவது நான்தானே. ரீல், தூண்டில் நரம்பு, முள் டப்பா எல்லாவற்றையும் அவர் ஒரு நூல்கோன் அட்டைப்பெட்டியில் அடுக்கினார். ஈரமண்ணில் மண்புழு வேறு! பிடுங்கி முருங்கை மரத்தடியில் கொட்டினேன். துணி என் பொறுப்பு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியதை விற்கும் சர்ப்ளஸ் கடையில் தேடித்தேடி கனமான முழுக்கை பனியன், உள்பேன்ட், சாக்ஸ் என்று எடுத்து வந்தேன். எல்லாம் அசல் காட்டன்.

அன்று மதியம் வழிகாட்டி போன் செய்தான். இவருக்கு இந்தி வராது. கம்பெனியில் வடக்கத்திப் பெண்களோடு பேசிப்பேசி எனக்கு வரும். காட்டன் ஒன்றுகூட வேண்டாம் என்றான். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சி ஆளை விறைக்க வைத்துவிடும், அதற்கு ஆற்றில் விழக்கூட வேண்டாம், வேர்வையே போதும் என்றான். ஆளைக் கொல்கிற துணியையா இவ்வளவு ஆசையாக மடித்து வைத்தேன்?

சர்ப்ளஸ் துணியில் லேபிளை வெட்டியிருப்பார்கள். தொட்டாலே துணியைச் சொல்லிவிடுகிற என் கைமேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொன்றிலும் உள்மடிப்பில் ஒரு இழை உருவி, அடுப்பில் காட்டிப் பார்த்தேன். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். ஒன்றாவது உருகாதா என்று பார்த்தேன். எல்லாம் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது.

மறுபடி கடைக்கு ஓடினேன்.

"ஏனுங்க்கா, நீங்களா பாலியெஸ்டர் கேக்கறீங்க?" கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டனில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் லாட்டையே திருப்பி அனுப்புகிற நான், அன்று இழையிழையாகக் கொளுத்தி, உருகியதை மட்டும் வாங்கி வந்தேன்.

அடுத்த நாள் ஸ்டேஷனில் சுமை தூக்கி, படியேறி, வேர்த்து விறுவிறுத்து இவர் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சட்டைக் காலருக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. காட்டன் பனியன்!

"கழட்டுங்க!"

"ஐயோ, ஆளுங்க பாக்கறாங்க புள்ள."

"பாக்கட்டும். கழட்டுங்கன்னா!"

வண்டி நகர்வதற்குள் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். மண்டையைப் பிளக்கும் வெயில். பாலம் ஏறியதும் காற்று அடித்தது. அந்த ஈரப் பனியன் கழுத்தில் சில்லென்று ஒட்டியது. திருப்பூர் வெயிலிலேயே இப்படி என்றால் அங்கே? ஓரமாக நிறுத்திப் போன் போட்டேன்.

"பைக்குள்ள வேற பனியன் வெச்சிருக்கீங்களா?"

"ரெண்டே ரெண்டு," என்றார்.

"சாமி, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். தூக்கிப் போட்டுருங்க."

"செரி." குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்குது புள்ள. நம்மூட்டுத் துணி ஒண்ணு மேல இருந்தா தேவலைன்னு தோணுச்சு."