இரண்டாவது கயிற்றைப் பிடித்தவர்

கொருக்குப்பேட்டை லோகநாதன் வீட்டில் ஒரு சொல் புழங்காது. பால் பொங்கி வழிந்தாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் வாயில் முதலில் வருவது அதுதான்: "உடு." போனால் போகட்டும், கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ அந்த இரண்டெழுத்துக்குள் அடங்கிவிடும். மகள் கார்குழலி ஒருமுறை வாய்தவறிச் சொன்னபோது, அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். அதன்பின் அவளும் சொல்வதில்லை.

இளம் வயதில் லோகநாதன் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே கீழிருந்து "உடு" என்று குரல் வந்தால் மேலே இருப்பவன் கயிற்றை ஓடவிட வேண்டும். கேட்டதும் கை தானாகத் தளரும். பிறகு எண்ணூர் சாலையில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் வேலை கிடைத்தது. தொட்டிக்குள் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிவர அங்கே ஒரு மீட்புக் குழு அமைத்தபோது அவரும் ரகுபதியும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ரகுபதி முகத்துவாரக்குப்பத்துக்காரர், படகை விட்டுவிட்டு வந்தவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம்.

பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி இரண்டு கயிறுகளைக் காட்டினார். ஒன்றில் எட்டு வடிவ இரும்பை மாட்டிக்கொண்டு ஆள் தானே இறங்குவார். அந்தக் கயிறு கைவிட்டால் அவரைத் தாங்கிக்கொள்ள இரண்டாவது கயிறு. அதை மேலே இருப்பவர் உள்ளங்கையளவு கருவி ஒன்றின் வழியாக, ஆள் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்.

"கருவிக்கு இந்தப் பக்கம் வர்ற வால் கயித்துல கை இருந்தாத்தான் இது பிரேக். கையை எடுத்தா வெறும் வளையம்," என்றார் அதிகாரி. "கீழ இருக்கிறவர் 'ஸ்லாக்'னு கேட்டா மட்டும் கயிறு கொடுக்கணும். வேற எந்த வார்த்தைக்கும் கை அசையக் கூடாது."

ரகுபதி எழுந்தார். "இன்னா சார், நான் லோகு கையில இங்கிலீசு பேசுனா, பேய் புட்ச்சிகிச்சின்னு வேப்பிலை எட்த்துகினு வந்துருவான்."

எல்லாரும் சிரித்தார்கள். லோகநாதன்தான் அதிகம் சிரித்தார். வகுப்பில் 'ஸ்லாக்' இருந்தது. வெளியே வந்ததும் பழைய பேச்சே வந்துவிட்டது.

இரண்டாயிரத்தொன்று ஆனி மாதம், காலைப் பத்து மணி. முப்பதடி ஆழக் காலித் தொட்டிக்குள் ஒரு பெயிண்டர் மயங்கிக் கிடந்தார். காற்று முகமூடியை மாட்டிக்கொண்டு ரகுபதி இறங்கினார். மேலே இரண்டாவது கயிற்றை லோகநாதன் பிடித்திருந்தார். பாதி தூரத்தில் அவருடைய சட்டை நுனி எட்டு வடிவ இரும்புக்குள் சிக்கிக்கொண்டது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

"இன்னா மாமு, மாட்டிக்கிச்சா? மேல இஸ்துகட்டா?" என்று லோகநாதன் குனிந்து கேட்டார்.

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "உடு! உடு!"

லோகநாதனின் கை கயிற்றை ஓடவிட்டது. பத்தடிக்கு மேல் போனது. அது தன் தோளருகே தொளதொளத்துத் தொங்குவதை ரகுபதி பார்க்கவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துச் சிக்கிய துணியை அறுத்துக்கொண்டிருந்தார். கத்தி முனை முதல் கயிற்றில் பட்டது. ஆள் பாரம் தாங்கி விறைத்து நிற்கும் கயிற்றுக்கு அந்தத் தொடுதல் போதும். இரண்டாவது கயிறு இறுகியிருந்தால் ஒரு குலுக்கலோடு போயிருக்கும். அடியில் இரும்புக் குழாய்கள் இருந்தன.

பெயிண்டர் பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில், கத்தி பட்டுக் கயிறு அறுந்தது என்று எழுதினார்கள். பொய்யில்லை. இரண்டாவது கயிறு எவ்வளவு தளர்ந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. லோகநாதனும் சொல்லவில்லை. சாவு வீட்டில் ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். "உடு நைனா. உன் கையில இன்னா கீது?"

குப்பத்தில் வேறு பேச்சு நடந்தது. தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்ட புத்திகெட்டவன் என்று ரகுபதியைச் சொன்னார்கள். மீன் ஏலக்களத்தில் அவர் மனைவி பவானியின் காதுபடவே சொன்னார்கள். அது லோகநாதனுக்கு வந்துசேர இரண்டு வருஷமாயிற்று. மறுநாளே புறப்பட்டுப் போனார்.

பவானி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்ட சொல், ஓடவிட்ட கை, தொங்கிய கயிறு. சொல்லி முடித்ததும், இவளும் அந்தச் சொல்லைத்தான் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அதற்குப் பயந்தார். கொஞ்சம் ஆசைப்படவும் செய்தார்.

அவள் கை நின்றிருந்தது. "வூட்லயும் அது அப்டித்தாண்ணா சொல்லும். கொடத்த நான் தூக்கட்டான்னா, 'உடு'ன்னும். கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்னு அர்த்தம்." நிமிர்ந்து பார்த்தாள். "எத்தினி வருஷம் கூட இருந்த. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றார் லோகநாதன்.

ரகுபதிக்கு அந்தச் சொல் எதற்கு வரும் என்று அவருக்குத் தெரியும். கைக்குத்தான் துறைமுகம் மட்டும் தெரிந்திருந்தது.

பவானி இறால் தட்டை ஒதுக்கிவைத்தாள். அழவில்லை. "எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் பூடாத. அதோ வலை பின்னிகினு கீறாங்க பாரு. அவங்கதான் பேசுனாங்க. அவங்க கையில சொல்லு."

லோகநாதன் மணலில் நடந்தார். ஐந்தாறு பேர் தலை நிமிர்ந்தார்கள். ஒருவர் நகர்ந்து, "குந்துபா," என்று இடம் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தார். பவானி வாசலில் எழுந்து நின்றிருந்தாள்.

"ரகுபதி கயிறு பத்தி," என்று ஆரம்பித்தார். "ரெண்டாவது கயிறு ஒண்ணு இருந்திச்சி. அத நான் புட்ச்சிகினு இருந்தேன்."