மனு எழுத மட்டும் ஒரு லோயர்

மருதமுனைக் கைத்தறிச் சாரன் வியாபாரி உதுமாலெவ்வைக்கு, ஊரில் தன்னை விட்டால் விவரம் தெரிந்தவர் யாருமில்லை என்ற நினைப்பு. 1979இல் மனைவி சுபைறாவைத் தலாக் சொல்லப் புறப்பட்டபோதும் அந்த நினைப்புத்தான் முன்னால் நடந்தது. முஸ்லிம்களின் மணவழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணிகள் வந்து வாதாட முடியாது. அதனால் கொழும்புச் சட்டத்தரணி ஒருவரை மனு எழுத மட்டும் பிடித்தார். எழுதியதை வாசித்துப் பார்க்கவில்லை. அடியில் தான் வைத்த ஒப்பத்தின் அழகை மட்டும் இரண்டு முறை பார்த்தார்.

விசாரணையன்று காதியார் மனுவை உரக்க வாசித்தார். "எனது வீட்டை விட்டு வெளியேறும்படி பலமுறை கூறியும் மனைவி மறுத்து வருகிறாள்."

வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உதுமாலெவ்வை, அது ஆர்ர ஊடு?"

அந்தக் கிழக்குக் கரையில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். உதுமாலெவ்வையும் அப்படி வந்தவர்தான்.

"லோயர் எழுதிட்டாரு. அவரு வெளியூர்."

"நீங்களும் வெளியூரா?"

பக்கத்தில் நின்ற சுபைறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஊட்ட உட்டு ஆராவது வெளியேறத்தான் வேணுமெண்டா, காதியார், அவர்ர பெட்டிய வாசல்ல எடுத்து வெச்சிட்டுத்தான் வந்திரிக்கன்."